மதுரை மாநகராட்சி ஊழியரின் சம்பளம்: ஊதியக் குழுவுக்கும் பணிப்பதிவேட்டுக்கும் நடுவே

எட்டாவது மத்திய ஊதியக் குழுவுக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் குழு அமைந்து, அதன் ஆய்வு வரம்புகள் அக்டோபர் இறுதியில் முடிவாயின. அறிக்கை தர 18 மாதம் அவகாசம். அன்றிலிருந்து மதுரை மாநகராட்சியின் தலைமையகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையிலும், மாநகராட்சியின் ஐந்து மண்டல அலுவலகங்களிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முறை எத்தனை மடங்கு?

கேள்வி நியாயமானது. ஆனால் மடங்கு என்பது, பழைய ஊதியத்தைப் பெருக்கிப் புதிய ஊதியம் காண்பதற்கான, எல்லாருக்கும் பொதுவான ஓர் எண். ஒரு குறிப்பிட்ட இளநிலை உதவியாளர், ஒரு குறிப்பிட்ட தூய்மைப் பணியாளர் உண்மையில் எவ்வளவு வாங்குவார் என்பது அவருடைய பணிப்பதிவேட்டில் போடப்படும் ஊதிய நிர்ணயத்தைப் பொறுத்தது. கடந்த முறை நிர்ணயத்தில் நுழைந்த தவறுகள் பல இன்னும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. அடுத்த நிர்ணயம் அந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறி உட்காரும்.

முதலில், யார் முடிவு செய்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மதுரை மாநகராட்சியின் 100 வார்டு உறுப்பினர்களும் மேயரும் சேர்ந்தாலும் நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தை ஒரு ரூபாய் கூட மாற்ற முடியாது. மத்திய ஊதியக் குழு பரிந்துரைக்கும். மத்திய அரசு ஏற்கும். தமிழக அரசு தன் பங்குக்கு ஓர் அலுவலர் குழு அமைத்து, நிதித்துறை மூலம் அரசாணை போடும். அந்த ஆணை உள்ளாட்சி அமைப்புகளின் ஊழியர்களுக்கும் பொருந்தும். பிறகு நகராட்சி நிர்வாகத்துறை வழியாக மாநகராட்சிக்கு வந்து, ஒவ்வொரு ஊழியருக்கும் நிர்ணயப் பட்டியல் தயாராகி, ஆணையரின் ஒப்பத்தோடு பணிப்பதிவேட்டில் ஏறும். கடைசியில் உள்ளாட்சி நிதித் தணிக்கை அதைச் சரிபார்க்கும்.

விகிதத்தைத் தீர்மானிப்பது மாநிலம். பணம் கொடுப்பது மாநகராட்சி. சிக்கல் இங்கேதான். அரசுத் துறை ஊழியருக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் வருகிறது. மாநகராட்சி ஊழியருக்கோ சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றோடு மாநில நிதி ஆணையப் பகிர்வும் சேர்ந்த பொது நிதியிலிருந்து வருகிறது. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை விதிக்கப்படுவது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஊக்கத்தொகைக்காகக் கட்டுபவர்களின் பணம் வரும். நடு மாதங்களில் வரத்து மெலியும். சம்பளமோ மாதந்தோறும் ஒரே அளவில் போக வேண்டியது. மத்திய நிதி ஆணைய மானியம் எவ்வளவு வந்தாலும் அதைச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. 15ஆவது நிதி ஆணையம் நிபந்தனையற்ற மானியத்தைக்கூட ஊதியத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் பயன்படுத்தத் தடை விதித்தது. அகவிலைப்படி உயர்வை அரசு அறிவித்த பிறகும் உள்ளாட்சிகளில் அது கைக்கு வர நாளாவதற்கும், நிலுவை பல தவணையாக இழுபடுவதற்கும் அடிப்படைக் காரணம் இந்தப் பண ஓட்டம்தான்.

இப்போதுள்ள ஊதியக் கட்டமைப்பு 2017 அக்டோபர் 11ஆம் நாள் வெளியான நிதித்துறை அரசாணை 303இல் பிறந்தது. அது 1.1.2016 முதல் கருத்தியலாக நடைமுறைக்கு வந்தது, பணப்பயன் 1.10.2017 முதல்தான். அதாவது 21 மாதத்துக்கு உயர்வு காகிதத்தில் மட்டும் இருந்தது, நிலுவை கிடையாது. அதற்கு முந்தைய திருத்தத்திலும் இதே வழக்கம்: 2009 ஜூன் 1இல் வந்த அரசாணை 234, 1.1.2006 முதல் ஊதியத்தை நிர்ணயித்து, பணப்பயனை 1.1.2007 முதல் தந்தது. அடுத்த முறையும் கருத்தியல் நாளும் பணப்பயன் நாளும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் குடும்பக் கணக்கைப் போட்டுக்கொள்வதே விவேகம். ‘1.1.2026 முதல் மொத்த நிலுவையும் வரும்’ என்று நம்பி இப்போதே கடன் வாங்குவது ஆபத்து.

2017இல் பழைய ஊதியக் கட்டும் (ஊதிய வரம்பு), பதவியின் தரத்துக்கேற்ப அதோடு சேர்த்த தர ஊதியமும் ஒழிந்து, பதவிக்கேற்ற நிலைகளும் ஒவ்வொரு நிலையிலும் படிப்படியாக ஏறும் தொகைகளான கட்டங்களும் கொண்ட அட்டவணை வந்தது. நிலை 1 முதல் நிலை 32 வரை. அடிமட்ட ஊதியம் 15,700, உச்சம் 2,25,000. இந்த 15,700 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முழு ஏற்பாடும் புரிந்துவிடும். பழைய தொடக்க ஊதியம் 4,800, தர ஊதியம் 1,300, கூட்டினால் 6,100. அதை 2.57ஆல் பெருக்கினால் 15,677. நூறுக்கு முழுமையாக்கினால் 15,700. இளநிலை உதவியாளரும் ஓட்டுநரும் வரும் நிலை 8இன் கணக்கும் இப்படித்தான்: 5,200 + 2,400 = 7,600; 2.57ஆல் பெருக்க 19,532, முழுமையாக்க 19,500.

2.57 மடங்கு என்றதும் சம்பளம் இரண்டரை மடங்கு ஆனதாகப் பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. 1.1.2016இல் அகவிலைப்படி 125 சதவீதம் இருந்தது. அடிப்படை ஊதியம் 100 என்றால் கையில் ஏற்கனவே 225 வந்துகொண்டிருந்தது. புதிய கணக்கில் 257 ஆனது. உண்மையான உயர்வு 14 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த முறையும் வாட்ஸ்அப்பில் உலவும் எந்த மடங்கையும் முதலில் இப்படி வகுத்துப் பார்க்க வேண்டும். 1.7.2025 முதல் அகவிலைப்படி 58 சதவீதம். அதையே அடிப்படையாகக் கொண்டால், மடங்கு 1.80 என வந்தால் உயர்வு சுமார் 14 சதவீதம், 2.00 வந்தால் சுமார் 27 சதவீதம். 1.58க்கு மேல் எவ்வளவு என்பது மட்டும்தான் புதுப்பணம்.

இனி ஒரு தூய்மைப் பணியாளரின் கணக்கை முழுதாக நடத்திப் பார்ப்போம். 1.1.2016இல் அவருடைய ஊதியம் 6,800, தர ஊதியம் 1,300, மொத்தம் 8,100. 2.57ஆல் பெருக்க 20,817. நிலை 1இன் வரிசையில் 20,500, 21,100 என்று கட்டங்கள் உள்ளன. 20,817 என்று கட்டம் இல்லை. விதிப்படி அதற்குச் சமமான கட்டம், இல்லையென்றால் அடுத்த உயர் கட்டம். எனவே 21,100. ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் என்பது அட்டவணையில் அடுத்த கட்டத்துக்கு இறங்குவதுதான். தமிழகத்தில் ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். இவருக்கு ஜூலை என்றால் 2016இல் 21,700, 2017இல் 22,400, பிறகு 23,100, 23,800, 24,500, 25,200, 26,000, 26,800, 27,600, 2025 ஜூலையில் 28,400. அதற்கு 58 சதவீத அகவிலைப்படி 16,472. இரண்டும் சேர்ந்து 44,872. இதோடு வீட்டு வாடகைப்படி சேரும். மாநில அரசில் அது சதவீதமாக இல்லாமல் ஊதிய வரம்பு வாரியாக நிலையான தொகையாக இருக்கிறது, ஊரின் தரத்தைப் பொறுத்து மாறும். மதுரை இதில் சென்னைக்கு அடுத்த வரிசையில் வருகிறது. நகர ஈட்டுப்படி 2020இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் உறைந்த அகவிலைப்படி, 17 சதவீதத்திலேயே நின்று, 1.1.2022இல்தான் 31 சதவீதம் ஆனது. இடைக்காலத்துக்கு நிலுவை இல்லை.

மேலே சொன்ன வரிசையில் எங்காவது ஒரே ஒரு கட்டம் தவறினால் என்ன ஆகும்? இன்று 28,400க்குப் பதில் 27,600 வாங்குவார். வித்தியாசம் 800. அகவிலைப்படியோடு மாதம் 1,264. ஓராண்டுக்கு 15,000 ரூபாய்க்கு மேல். அது அதோடு நிற்காது. அடுத்த ஊதியக் குழுவின் மடங்கு இந்தக் குறைந்த தொகையின் மேல் பெருக்கப்படும். 1.4.2003க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்றால் கடைசி ஊதியத்தில் பாதி என்ற ஓய்வூதியக் கணக்கிலும் குறையும். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்திலும் குறையும். ஒரு எழுத்தரின் ஒரு வரிப் பிழை இரண்டு தலைமுறைக்குச் செல்கிறது.

அந்தப் பிழை எப்படி நுழைகிறது என்பதற்குச் சில வழக்கமான வழிகள் உண்டு. மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் ஊதிய உயர்வுக்குக் கணக்கில் சேரும். மருத்துவச் சான்று இல்லாத ஊதியமில்லா விடுப்புதான் பொதுவாக ஊதிய உயர்வைத் தள்ளிப்போடும். ஆனால் விடுப்பு ஆணை வார்டு அலுவலகத்திலோ மண்டலத்திலோ தங்கிவிட்டு, பதிவேட்டுக்கு வராமல் போனால், அந்த நாட்கள் ‘வராத நாட்கள்’ என்று எழுதப்பட்டு, உயர்வு தேதி ஒரு காலாண்டு நகர்ந்துவிடும். ஜூலை அக்டோபராக மாறியதை அந்தப் பணியாளர் கவனிக்கவே மாட்டார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாத உயர்வு போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது தேர்வுநிலை, சிறப்புநிலை: பதவி உயர்வு இல்லாமல் ஒரே பதவியில் நீண்ட காலம் இருப்பவருக்குக் கிடைக்கும் ஊதிய ஏற்றங்கள். ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வுநிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்புநிலை. இது தானாக வருவதில்லை. தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, பணி வரன்முறை ஆணை, தண்டனை நிலுவை இல்லை என்ற குறிப்பு எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ சேர்ந்து பிறகு காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்களுக்கு எந்த நாளிலிருந்து 10 ஆண்டைக் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலான சண்டை. பணியில் சேர்ந்த நாளை ஊழியர் சொல்லுவார். வரன்முறை செய்த நாளை அலுவலகம் சொல்லும். ஆணையின் வாசகம்தான் தீர்ப்பு. அதனால் அந்த ஆணையின் நகலை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மதுரைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், சில ஊராட்சிகளும் உள்ளே வந்தன. 72 வார்டு 100 ஆனது. அவற்றின் ஊழியர்களும் வந்தார்கள். பேரூராட்சியில் ஒரு பதவிப் பெயர், நகராட்சியில் ஒரு பெயர், மாநகராட்சியில் வேறு பெயர். ஊதியம் பாதுகாக்கப்பட்டாலும், முதுநிலைப் பட்டியலில் எந்த இடம் என்பதைப் பொறுத்தே பதவி உயர்வு. பதவி உயர்வு பிந்தினால் ஊதியமும் பிந்தும். இப்படி வந்தவர்களின் பதிவேடுகளில் பழைய அமைப்பின் முத்திரையோடு இருக்கும் பக்கங்களை ஒருமுறை வரிக்கு வரி பார்ப்பது அவசியம். பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் ஓய்வூதியக் கருத்துரு தணிக்கையிலிருந்து அப்படியே திரும்பி வரும்.

பதவி உயர்வின்போது, புதிய ஊதியத்தை எந்த நாளில் நிர்ணயிப்பது என்று ‘விருப்பம்’ கொடுப்பதைப் பலர் வெறும் படிவமாக நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் பணம் இருக்கிறது. நிலை 1இல் 25,200 வாங்கும் அலுவலக உதவியாளர் ஏப்ரல் 10ஆம் தேதி நிலை 8இல் இளநிலை உதவியாளர் ஆகிறார். அவருடைய வழக்கமான ஊதிய உயர்வு ஜூலை 1. பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயம் செய்தால், பழைய நிலையில் ஒரு கட்டம் கூட்டி 26,000. நிலை 8இல் அதற்கு அடுத்த கட்டம் 26,200. அடுத்த உயர்வு மறு ஏப்ரலில், 27,000. மாறாக, ஜூலை 1 அன்று நிர்ணயம் செய்யும்படி விருப்பம் கொடுத்தால், ஜூன் வரை நிலை 8இல் அடுத்த கட்டமான 25,400. ஜூலை 1இல் வழக்கமான உயர்வும் பதவி உயர்வுக்கான உயர்வும் சேர்ந்து 26,800. அதனால் நிலை 8இல் 27,000. மூன்று மாதத்துக்கும் குறைவாக மாதம் 800 ரூபாய் இழந்து, ஒன்பது மாதம் 800 ரூபாய் கூடுதலாகப் பெறுகிறார். ஆனால் உயர்வு தேதி அக்டோபரைத் தாண்டித் தள்ளி இருந்தால் கணக்கு தலைகீழாகலாம். எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. காலக்கெடு கடந்தால் பிறகு மாற்ற முடியாது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: தவறாகக் கூடுதலாக நிர்ணயம் செய்துவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கைத் தடை வந்து, பணிக்கொடையிலிருந்து லட்சக்கணக்கில் பிடிப்பது. இதற்கு எதிராக 2014 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் தெளிவான வரையறை தந்தது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியரிடமிருந்து வசூலிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமிருந்தும் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேலாகக் கொடுத்துவந்த கூடுதல் தொகைக்காகவும் கூடாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தத் தீர்ப்பு வசூலைத்தான் தடுக்கிறது, தவறான ஊதியத்தை இனிமேல் சரியான அளவுக்குக் குறைப்பதைத் தடுப்பதில்லை. மேலும், ‘கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பித் தருவேன்’ என்று நிர்ணயத்தின்போது உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் பாதுகாப்பு பலவீனமாகும் என்று பின்னாளில் தீர்ப்புகள் வந்துள்ளன. அந்த உறுதிமொழிப் படிவத்தைப் படிக்காமல் யாரும் ஒப்பமிடக் கூடாது.

அட்டவணையிலேயே உள்ள ஒரு பள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. நிலை 10 தொடங்குவது 20,600இல். நிலை 11 தொடங்குவது 35,400இல். ஒரே படி ஏறினால் 14,800 ரூபாய். பழைய கட்டமைப்பில் 5,200 தொடக்கமும் 9,300 தொடக்கமுமாக இருந்த இரண்டு ஊதியக் கட்டுகளின் பிளவு அப்படியே இங்கே வந்து விழுந்தது. ஒத்த கல்வித் தகுதியோடு களத்தில் ஒத்த பொறுப்பைச் சுமக்கும் இருவரில் ஒருவர் இந்தக் கரையிலும் மற்றவர் அந்தக் கரையிலும் நிற்பதற்குக் காரணம் இது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஊதிய முரண்பாடுகளைக் களைய ஒரு நபர் குழுவோ குறைதீர்க்கும் குழுவோ போடப்பட்டது இதனால்தான். ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான குழுவும் அந்த வரிசையில் வந்தது. உள்ளாட்சிப் பதவிகளுக்கு இத்தகைய குழுக்களின் முன் வலுவாகப் பேச ஆளில்லாமல் போவது பழைய குறை. அரசுத் துறையில் அதே பணியைச் செய்யும் பதவி எது, அதன் நிலை என்ன, கல்வித் தகுதி என்ன, பணி விதி எண் என்ன என்று ஒப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கும் சங்கத்துக்கே பலன் கிடைக்கிறது. முழக்கம் எழுதிய மனுக்கள் கோப்பில் தங்கிவிடுகின்றன.

இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு பெருங்கூட்டம் இதே மாநகராட்சியில் வேலை செய்கிறது. விடியற்காலையில் மாசி வீதிகளைக் கூட்டுபவர்கள், வீடுவீடாகக் குப்பை வாங்குபவர்கள், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு வைகைக் கரையைச் சுத்தம் செய்பவர்கள் ஆகியோரில் பலர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை மறுவரையறை செய்து, அடிமட்டப் பணிகளை அவுட்சோர்சிங் பக்கம் தள்ளியது. அதை ரத்து செய்யக் கோரித் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து போராடி வருகின்றன. ஊதியக் குழு வந்தாலும் போனாலும் இவர்களுக்கு மாற்றம் இல்லை. 28,400 அடிப்படை ஊதியம் வாங்கும் நிரந்தரப் பணியாளரும் இவர்களும் ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பதை ஊதியக் கட்டமைப்பு பற்றிப் பேசும் எவரும் மறைக்கக் கூடாது.

இவர்களுக்கு ஆதாரம் குறைந்தபட்ச ஊதிய ஆணை. தூய்மைப் பணிக்கு 2017இல் தொழிலாளர் துறை வெளியிட்ட அரசாணை (2டி) 62ஐத்தான் சங்கங்கள் எடுத்துக்காட்டுகின்றன. அதிலுள்ள அடிப்படைத் தொகையோடு அகவிலைப்படி சேரும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அது உயரும். இதில் கோளாறு ஒப்பந்தப் புள்ளியிலேயே தொடங்குகிறது. ஒரு டன் குப்பைக்கு இவ்வளவு, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரே விலை பேசிவிட்டு, ஏப்ரலில் உயரும் அகவிலைப்படிக்கு ஒப்பந்தத்தில் இடம் வைக்காமல் போனால், இரண்டாம் ஆண்டிலிருந்து நிறுவனம் அதைத் தொழிலாளியின் வயிற்றில்தான் ஈடுகட்டும்: ஆளைக் குறைக்கும், வார விடுமுறைக்குச் சம்பளத்தைப் பிடிக்கும், அல்லது வருங்கால வைப்பு நிதியை இழுத்தடிக்கும்.

சம்பளச் சீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம். எடுத்துக்காட்டுக்கு மாத ஊதியம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடமிருந்து வைப்பு நிதிக்கு 12 சதவீதம், 1,800, இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113. கைக்கு 13,087 வர வேண்டும். நிறுவனம் தன் பங்காக வைப்பு நிதிக்கும் அதன் நிர்வாகம், காப்பீட்டுக்கும் 13 சதவீதம், இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். கைக்கு வருவது 10,600 சொச்சத்துக்கு இறங்கினால் இரண்டு பங்கையும் தொழிலாளியிடமே பிடிக்கிறார்கள் என்று பொருள், அது சட்டவிரோதம். வைப்பு நிதியின் யுஏஎன் (உறுப்பினரின் நிலையான எண்) கணக்கில் மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். இஎஸ்ஐ அட்டை வேலை செய்கிறதா என்பது மருத்துவமனைக்கு ஓடும் நாளில் தெரிவதைவிட முன்பே தெரிவது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். அடிப்படையைச் சிறிதாகக் காட்டிப் படிகளைப் பெரிதாக்கி வைப்பு நிதியைக் குறைக்கும் பழக்கத்துக்கு இது அணை. ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்ற பழைய கடமை தொடர்கிறது. இங்கே முதன்மை வேலையளிப்பவர் மாநகராட்சி. ஆகவே மாதப் பட்டியலுக்குப் பணம் விடுவிக்கும் முன், முந்தைய மாத வங்கி வரவுப் பட்டியல், வைப்பு நிதிச் செலுத்துச்சீட்டு, இஎஸ்ஐ செலுத்துச்சீட்டு, வருகைப் பதிவு ஆகிய நான்கிலும் உள்ள ஆள் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சுகாதாரப் பிரிவும் கணக்குப் பிரிவும் பார்த்தாக வேண்டும். நான்கில் ஒன்று வேறுபட்டால் அந்தத் தொகையை நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் வழி இருக்க வேண்டும்.

நிரந்தர ஊழியர்களைப் பொறுத்தவரை, எட்டாவது குழுவின் அறிக்கை வந்து, மாநில ஆணை வரும்வரை கிடைக்கும் இடைவெளி பதிவேடுகளைச் சரிசெய்ய ஏற்ற காலம். ஊழியர் தன் பணிப்பதிவேட்டைப் பார்வையிட எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம். பார்க்க வேண்டியவை: 2017 நிர்ணயப் பட்டியலும் அதில் பெருக்கிய பழைய ஊதியமும், அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டு உயர்வின் தேதியும் கட்டமும், தேர்வுநிலை, சிறப்புநிலை ஆணைகள், பதவி உயர்வில் கொடுத்த விருப்பம், விடுப்புக் கணக்கு, 1.4.2003க்குப் பின் சேர்ந்தவராயின் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்த 10 சதவீதம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பது. தவறு தெரிந்தால் நிர்ணயப் பட்டியலின் நகலை இணைத்து, எந்த நாளில், எந்த நிலையில், எந்தக் கட்டம் இருக்க வேண்டும், எது இருக்கிறது என்று எண்ணால் எழுதி, மண்டல உதவி ஆணையர் வழியாக ஆணையருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய நிர்ணயம் போட்ட பிறகு பழைய நிர்ணயத்தைத் திறப்பது கடினம். அப்போது திருத்த வேண்டியது இரண்டு அட்டவணையாகிவிடும், தணிக்கையும் இரண்டு முறை நடக்க வேண்டும்.